கல்லை வாசிக்கும் கல்வி

மேற்படிப்பைப் பற்றிய பேச்சு நம் குடும்பங்களில் எழும்போது, பெற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றும் வினா, "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்பதே. இவ்வினாவைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் பெற்றும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. மருத்துவம், பொறியியல், கணினி, செவிலியர் பயிற்சி என்றால் விடை எளிது. ஆனால் கட்டடக்கலையில் ஐந்தாண்டு பயின்று பட்டம் பெற்ற மகளோ மகனோ, "பழைய கட்டடங்களின் வரலாற்றை இன்னும் இரண்டு ஆண்டு முதுநிலையில் பயில விரும்புகின்றேன்" என்று சொன்னால், வீட்டார் திகைத்துப் போகின்றனர். "புதிதாகக் கட்டத் தெரிந்த பிள்ளைக்குப் பழைய சுவரில் என்ன வேலை?" என்று தாத்தா கேட்பார். "சம்பாதிக்கும் வயதில் மறுபடியும் பள்ளிக்கூடமா?" என்று சித்தப்பா கேட்பார். பிள்ளைக்கு விடை சொல்லத் தெரியாது. தாய்க்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியாது.

இத்திங்கள் அந்தத் திகைப்பையே பொருளாக எடுத்துக்கொள்வோம். வெறும் அறிவுரையாகச் சொல்வதைவிட, உலகமே கண்ணாரக் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவது நலமென எண்ணுகின்றோம்.

புனித வாரத்தில் மூண்ட தீ

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள். புனித வாரத்துத் திங்கட்கிழமை. அன்று மாலை, பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்துக் கூரையில் தீப்பற்றியது. நோத்ர தாம் என்றால் பிரெஞ்சு மொழியில் 'நம் அன்னை' என்று பொருள். ஆயர் மோரிஸ் தெ சுல்லியின் காலத்தில், 1163-இல் கட்டத் தொடங்கிய மாதா கோவில் அது. அதன் கல் வளைவுகளுக்கு மேலே, ஈயத் தகடு வேய்ந்த கூரையைத் தாங்கி நின்றது, ஓக் மரங்களைக் கொண்டு தச்சர்கள் அமைத்த பெரியதொரு மரச்சட்டக் கட்டு. அதன் பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் கைவேலை. உத்திரங்கள் அத்துணை நெருக்கமாக நின்றமையால், மக்கள் அதைக் 'காடு' என்றே அழைத்து வந்தனர்.

எண்ணூறு ஆண்டு நின்ற அந்தக் காடு ஓரிரவில் கரியாயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட ஊசிக்கோபுரம் தீயில் முறிந்து, கல் வளைவைத் துளைத்துக்கொண்டு ஆலயத்தினுள் வீழ்ந்தது. தீயணைப்புப் படையினரும், அவர்களுடைய ஆன்ம குருவும், உயிரைப் பொருட்படுத்தாது உள்ளே சென்று முள்முடியையும் பிற திருப்பொருள்களையும் மீட்டனர். தெருக்களில் இளைஞர்கள் முழந்தாளிட்டு மரியன்னையின் பாடல்களைப் பாடி நின்ற காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட நம்மில் பலரும் அன்றிரவு கண்கலங்கினோம்.

மறுநாள் விடிந்தபோது, இரு பெரும் கோபுரங்களும் சுவர்களும் நின்றன, கூரை இல்லை. அப்போது எழுந்த வினா இது: எரிந்துபோனதை, இருந்தது இருந்தபடியே மீண்டும் எழுப்ப இயலுமா? பழைய தச்சர்கள் தங்களுக்குப் பின் வருவோருக்கென்று வரைபடம் விட்டுச் செல்லவில்லை. அவர்களுடைய வேலையே அவர்களுடைய ஏடு. அந்த ஏடும் எரிந்துபோயிற்று.

எரியுமுன் எடுத்த அளவு

ஏடு எரியுமுன் அதைப் படியெடுத்து வைத்த இருவர் இருந்தனர். ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் திராந்த்ஸோ என்பன அவர்கள் பெயர்கள். இருவரும் கட்டடக் கலைஞர்கள். பாரிஸில் 1887 முதல் நடைபெற்று வரும் ஷாயோ பள்ளியில், கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர்களுக்குப் பழைய கட்டடங்களை ஆராயவும் பேணவும் இரண்டாண்டு மேற்படிப்பு உண்டு. அப்படிப்பின் பகுதியாக, 2014-ஆம் ஆண்டில் இவ்விருவரும் நோத்ர தாம் கூரைக்குள் ஏறினர். இருண்ட அந்தக் காட்டினுள் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தனர். எந்த உத்திரம் எதனோடு எவ்வாறு பொருத்தப்பட்டிருந்தது, பழைய தச்சன் எங்கே அடையாளம் கீறி வைத்திருந்தான், எது பிற்காலத்தில் மாற்றிய மரம் என்பவற்றையெல்லாம் குறித்து வைத்தனர்.

2014-இல் யாரேனும் அவர்களைப் பார்த்து, "எவர் கண்ணுக்கும் தெரியாத கூரை மரத்தை அளந்து என்ன பயன்?" என்று கேட்டிருந்தால், ஊரார் மெச்சும் விடை எதையும் அவர்கள் சொல்லியிருக்க இயலாது. ஐந்து ஆண்டுகள் சென்றபின், அந்த அளவுகளே மீட்புப் பணிக்கு உற்ற துணையாயின. அன்று மேற்படிப்பு மாணவராக ஏணியேறிய ஃப்ரோமோன், பின்னர் அப்பேராலயத் திருப்பணியின் தலைமைக் கட்டடக் கலைஞர்களுள் ஒருவரானார்.

மற்றொருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆன்ட்ரூ டாலன் என்பவர் அமெரிக்க நாட்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடைக்காலக் கட்டடக்கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்று, வாஸர் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். அவர் 2010-ஆம் ஆண்டளவில் லேசர் கதிர்க் கருவியை நோத்ர தாமின் உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாக அவ்வாலயத்தின் வடிவத்தைப் பதிவு செய்தார். தூண்கள் எங்கே நேர்கோட்டிலிருந்து சற்று விலகின, கட்டியவர்கள் பழைய அடித்தளத்துக்கு எங்கே இடங்கொடுத்துக் கட்டினர் என்பவை அப்பதிவால் புலப்பட்டன. அவர் 2018 நவம்பரில் காலமானார். தாம் அளந்த ஆலயம் எரிந்ததை அவர் காணவில்லை. தம் உழைப்பு அதற்குக் கைகொடுத்ததையும் அவர் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

மீட்புப் பணியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஓக் மரங்கள் பயன்பட்டன. பழைய முறை அறிந்த தச்சர்கள் பச்சை மரத்தைக் கோடரியால் செதுக்கி, பழைய சட்டங்கள் எவ்வெவ்வாறு ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தனவோ, அவ்வேறுபாடுகளையும் விடாது செய்தனர். ஊசிக்கோபுரம், 19-ஆம் நூற்றாண்டில் அதை எழுப்பிய வியோலே-லெ-துக் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவத்திலேயே மீண்டும் எழுந்தது. 2024 டிசம்பர் 7-ஆம் நாள் பேராலயக் கதவுகள் திறந்தன. மறுநாள் அங்கே திருப்பலி நிறைவேறியது.

கொடையாளர், தீயணைப்போர், தச்சர், கொத்தர், கம்மியர் என ஆயிரக்கணக்கானோரின் தியாகத்தால் நிறைவேறிய பணி இது. அதில் கட்டடக்கலை வரலாறு பயின்றவரின் பங்கு சிறிதே எனலாம். ஆயினும் கோடரி பிடித்த கைக்கு "இவ்வளவு நீளம், இந்தச் சாய்வு" என்று சொன்னது அந்தச் சிறு பங்குதான்.

அறியாமை வெட்டிய தலைகள்

அதே ஆலயத்தின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. முகப்பில், மூன்று வாயில்களுக்கும் மேலே வரிசையாக 28 அரசர்களின் சிலைகள் நின்றன. ஆண்டவருடைய வழிமரபில் வந்த யூதேயா நாட்டு அரசர்கள் அவர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், புரட்சியாளர்கள் அவற்றைப் பிரெஞ்சு மன்னர்களின் சிலைகள் என்று கருதினர். மன்னராட்சியின் மேலிருந்த சினத்தால் அச்சிலைகளைக் கீழே தள்ளித் தலைகளைத் துண்டித்தனர். அத்தலைகள் எங்கே போயின என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியாதிருந்தது. 1977-இல் பாரிஸில் ஒரு கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது அவற்றுள் 21 வெளிப்பட்டன. இன்று அவை அந்நகரின் குளூனி அருங்காட்சியகத்தில் உள்ளன.

தலையை வெட்டியவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. கல்லில் எழுதியிருந்ததை வாசிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. தாவீதும் சாலமோனும் அவர்கள் கண்ணுக்கு லூயி மன்னராகத் தெரிந்தனர். வாசிக்கத் தெரியாதவன் கையில் ஏடு அகப்பட்டால், அதை அவன் அடுப்பெரிக்கவும் பயன்படுத்துவான். வெறுப்பால் இடிந்த ஆலயங்கள் சில. அறியாமையால் இடிந்தவை அவற்றினும் பல.

அப்படிப்பில் என்ன பயில்கின்றனர்?

ஐந்தாண்டுப் பட்டப்படிப்பிலும் வரலாறு ஒரு பாடமாக உண்டு. எகிப்தியப் பிரமிடு முதல் இக்காலக் கண்ணாடி மாளிகை வரை மாணவர் ஓரளவு அறிந்துகொள்கின்றனர். முதுநிலையில் நிலைமை வேறு. அங்கே பல கட்டடங்களை மேலோட்டமாகப் பார்ப்பதை விடுத்து, ஒரு கட்டடத்தின் முன் நெடுநாள் நிற்கக் கற்கின்றனர்.

முதலில் பார்க்கக் கற்கின்றனர். இந்த வாயில் ஏன் அடைக்கப்பட்டது? இந்தச் சுவரின் செங்கல் அந்தச் சுவரின் செங்கலைவிட ஏன் மெல்லியது? பின்னர் அளக்கக் கற்கின்றனர். நாடாவாலும், கருவியாலும், கையாலும் அளந்து வரைகின்றனர். வரையும்போதுதான் கண் தவறவிட்டது தெரியவரும். அடுத்து ஆவணங்களைத் தேடுகின்றனர். கட்டியோர் எழுதிய கடிதங்கள், செலவுக் கணக்குகள், பழைய நிலப்படங்கள் ஆகியவற்றை மூல மொழியில் படிக்க வேண்டியிருக்கும். நம் நாட்டுப் பழைய ஆலயங்களை ஆராய்வோருக்குத் தமிழோடு இலத்தீன், போர்த்துகீசியம், பிரெஞ்சு ஆகியவற்றில் ஒன்றேனும் தெரிந்திருப்பது பெருந்துணை. இறுதியாக, பார்த்தது, அளந்தது, படித்தது மூன்றையும் ஒப்புநோக்கி, தாம் கண்ட முடிவைச் சான்றோடு நிறுவி ஆய்வேடு எழுதுகின்றனர்.

அறிவியலும் இதில் கைகொடுக்கின்றது. மரத்தின் குறுக்கு வெட்டில் காணும் ஆண்டு வளையங்களை எண்ணி, அம்மரம் வெட்டப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். சாந்தின் துணுக்கை ஆராய்ந்து, எந்தச் சுண்ணாம்பு, எந்த மணல் என்று சொல்லலாம். நோத்ர தாம் எரிந்தபின் ஆய்வாளர் அங்கே கண்ட ஓர் உண்மை 2023-இல் வெளியாயிற்று. கற்களை ஒன்றோடொன்று பிணைக்க இரும்புக் கவ்விகளை 1160-ஆம் ஆண்டுகளிலேயே அக்கட்டடத்தில் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தனர் என்பதே அது. எட்டு நூற்றாண்டுகளாக எண்ணற்றோர் வந்து வணங்கிய கோவிலிலும் இன்னும் வாசிக்கப்படாத பக்கங்கள் இருந்தன.

நம் பங்கு ஆலயங்களுக்கு இதனால் என்ன?

பாரிஸ் நமக்குத் தொலைவு. ஆனால் நம் ஊர்களிலும் நூறு, இருநூறு ஆண்டு கண்ட ஆலயங்கள் நிற்கின்றன. பாட்டன்மார் சுண்ணாம்பு அரைத்தும், பாட்டிமார் மண் சுமந்தும் எழுப்பிய கோவில்கள் அவை. அவற்றுள் பல இன்று இடநெருக்கடியில் இருக்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு மக்கள் வெயிலில் நிற்கின்றனர். மழையில் கூரை ஒழுகுகின்றது. "புதுக் கோவில் வேண்டும்" என்று மக்கள் கேட்பதில் தவறில்லை. இறைமக்கள் கூடும் இடம் இறைமக்களுக்கு உதவவேண்டும்.

நாம் வேண்டுவது ஒன்றே: அவசரம் வேண்டாம். இடிப்பதற்கு ஒரு வாரம் போதும். இடித்ததை அறிய ஒரு நூற்றாண்டும் போதாது.

இடிக்காமல் பழுதுபார்க்கும் இடத்திலும் அறியாமை தீங்கு செய்கின்றது. எடுத்துக்காட்டாகச் சுவர்ப் பூச்சைக் கூறலாம். நம் முன்னோர் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்துப் பூசினர். அப்பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சும் ஈரம் அத்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். அப்பூச்சைக் கொத்திவிட்டு, 'உறுதியாக இருக்கட்டும்' என்று சிமெண்டு பூசி, அதன்மேல் எண்ணெய் வண்ணமும் அடித்தால், ஈரம் உள்ளேயே தங்கும். அது மேலே மேலே ஏறும். அதில் கரைந்த உப்பு செங்கல்லில் படிந்து பூக்கும். செங்கல் மாவாக உதிரும். சில ஆண்டுகளில் சுவர் உப்பிப் பெயரும்போது, "பழைய கட்டடம், இனி நிற்காது" என்று சொல்லிவிடுகின்றோம். உண்மையில் சுவரை நோயாக்கியது நாம் செய்த மருத்துவமே.

தரையிலும் அவ்வாறே. பழைய தளத்தின்மேல் பளபளக்கும் கற்பலகை பதிக்கும்போது, மறைப்பணியாளர்களின் கல்லறை எழுத்துகள் அதன் கீழே மறைந்துவிடும். அவற்றைப் படித்துப் படமெடுத்து வைக்க ஒருவரும் இல்லையென்றால், அந்தக் குரு எவ்வாண்டு இறந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை நம் பேரப்பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

இவற்றை எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் பங்கு மேய்ப்புப் பணிக் குழுவில் இருந்தால் எத்துணை நலம்! அந்த ஒருவர், இன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, "இதைப் படிக்கட்டுமா?" என்று தயங்கிக் கேட்கும் உங்கள் மகளாகவும் இருக்கலாம்.

திருச்சபையின் எண்ணம்

இது சிலருடைய தனிப்பட்ட ஆர்வம் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, திருக்கலைகளுக்கெனத் தனி இயலே ஒதுக்கியுள்ளது. குருமாணவர்கள் மெய்யியலும் இறையியலும் பயிலும் காலத்திலேயே திருக்கலையின் வரலாற்றையும் வளர்ச்சியையும் கற்கவேண்டும் என்றும், அதனால் திருச்சபையின் தொன்மையான நினைவுச் சின்னங்களை மதிக்கவும் பேணவும் வல்லவர்களாவர் என்றும் அவ்வேட்டின் 129-ஆம் எண் அறிவுறுத்துகின்றது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1216-ஆம் சட்டம், ஆலயங்களைக் கட்டுவதிலும் புதுப்பிப்பதிலும் வல்லுநரின் அறிவுரையைப் பயன்படுத்துமாறு கூறுகின்றது. வல்லுநரின் அறிவுரை வேண்டுமென்றால் வல்லுநர் இருக்கவேண்டும். அவர்கள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. நம் குடும்பங்களிலிருந்துதான் வரவேண்டும்.

விவிலியத்தில் நெகேமியாவின் வரலாறும் இதையே கற்பிக்கின்றது. எருசலேமின் இடிந்த மதிலை எழுப்பும் எண்ணத்தோடு வந்த அவர், வந்தவுடன் மக்களைக் கூட்டிப் பேசவில்லை. இரவில், சிலரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, மதிலைச் சுற்றிவந்து, எங்கே உடைந்தது, எந்த வாயில் எரிந்தது என்று பார்த்தறிந்தார். அதன் பின்னரே, "எழுப்புவோம், வாருங்கள்" என்று மக்களை அழைத்தார். கட்டும் முன் காண்பது, காண்பதற்குப் பொறுமை கொள்வது என்பதை அந்த இறையடியார் தம் செயலால் காட்டினார்.

பெற்றோருக்குச் சில சொற்கள்

இனி நாம் தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு வருவோம். என்ன வேலை கிடைக்கும்?

ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், இத்துறையில் வேலைகள் உண்டு. ஆனால் மிகுதியாக இல்லை. இந்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, கட்டடக்கலைக் கல்லூரிகளின் ஆசிரியப் பணி, 1984-இல் தோன்றிய இன்டாக் என்னும் மரபுரிமை அறக்கட்டளை, பழங்கட்டடங்களைப் பேணும் தனியார் அலுவலகங்கள் ஆகியன இப்பட்டதாரிகளுக்கு இடமளிக்கின்றன. தொடக்க ஊதியம் கணினித் துறையோடு ஒப்பிடத் தக்கதன்று. பெயரும் பொருளும் விரைவில் தேடுவோருக்கு இவ்வழி ஏற்றதன்று. இதைப் பிள்ளைக்கு முன்னரே தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் தில்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி, அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பழங்கட்டடப் பேணுகை முதுநிலைப் பாடமாக உண்டு. இப்படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டு. 'கேட்' என்னும் தேர்வில் கட்டடக்கலைக்கெனத் தனித் தாள் உள்ளது. அதில் தேறியோருக்கு அரசுக் கல்வி நிலையங்களில் உதவித்தொகை பெறும் வாய்ப்பும் உண்டு. கட்டடக்கலைப் பட்டம் இல்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. வரலாறு, தொல்லியல், கலை வரலாறு பயின்றோரும் ஆவணங்களின் வழியே இத்துறைக்குள் வரலாம்.

குடும்பத்தில் பணநெருக்கடி இருந்தால், தம்பி தங்கையரின் படிப்பு எஞ்சியிருந்தால், பிள்ளை முதலில் இரண்டு மூன்று ஆண்டு ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை செய்து, பின்னர் பயிலச் செல்லலாம். காத்திருந்ததால் இக்கல்வி கெட்டுவிடாது. கொத்தனாரோடும் தச்சரோடும் பழகி, சாந்தையும் மரத்தையும் கையால் தொட்டறிந்து வருவோர், வகுப்பில் மற்றவர்களைவிட நன்றாகவே விளங்குவர். ஆகவே "வேண்டாம்" என்று கதவை அடைப்பதற்கும் "இன்றே போ" என்று கடனில் விழுவதற்கும் நடுவே, "சற்றுப் பொறுத்துப் போ" என்னும் வழியும் உண்டு.

பெண் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் கவலையையும் நாம் அறிவோம். கல்வி நிலையத்தின் விடுதி, அந்நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள், அங்குள்ள துறவற இல்லங்கள் ஆகியவற்றைப் பற்றி உங்கள் பங்குத்தந்தையின் வழியே விசாரித்தறியுங்கள். கவலைக்கு மருந்து தடை விதிப்பதன்று, விவரம் அறிவதே.

பிள்ளை உண்மையிலேயே இதில் நாட்டம் கொண்டுள்ளதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் பங்கின் பழைய ஆலயத்தையோ, கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தையோ, பாட்டனார் கட்டிய வீட்டையோ அளந்து வரையச் சொல்லுங்கள். ஊர் முதியோரிடம் கேட்டு, கோவில் கணக்கேடுகளைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு பார்த்து, பத்துப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்திலேயே சலித்துவிட்டால், வேறு வழி நோக்கலாம். மூன்றாம் மாதத்திலும் அளவு நாடாவோடு ஏணியில் நிற்கக் கண்டால், அதை அழைத்தல் என்றே கொள்ளுங்கள்.

பங்குகளும் இதில் துணை நிற்கலாம். கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து வரைவதைப் பாடப் பயிற்சியாகவே செய்வதுண்டு. அருகிலுள்ள கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதி, "எங்கள் ஆலயத்தை அளக்க வாருங்கள், நண்பகல் உணவு எங்கள் பொறுப்பு" என்று பங்கு மக்கள் அழைக்கலாம். அவர்கள் வரையும் படங்களில் ஒரு படி பங்கு இல்லத்திலும், மற்றொரு படி ஆயர் இல்லத்திலும் இருக்கட்டும். தீயோ வெள்ளமோ வருமென்று நாம் எதிர்பார்ப்பதில்லை. பாரிஸ் மக்களும் எதிர்பார்க்கவில்லை.

தோமையாரின் அளவுகோல்

நோத்ர தாம் ஊசிக்கோபுரத்தின் அடியில், திருத்தூதர் பன்னிருவருடைய சிலைகளும் நற்செய்தியாளரைக் குறிக்கும் நான்கு சின்னங்களும் செம்பில் வடிக்கப்பெற்று நின்றன. பழுதுபார்ப்பதற்காக அப்பதினாறையும் 2019 ஏப்ரல் 11-ஆம் நாள் கீழே இறக்கியிருந்தனர். நான்கே நாளில் தீ மூண்டது, அவை தப்பின. மற்றத் தூதர்கள் நகரை நோக்கி நிற்க, ஒருவர் மட்டும் திரும்பி நின்று, கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் வகையில் அமைந்திருந்தார். கையில் அளவுகோல் ஏந்திய அவர், நம் நாட்டின் திருத்தூதரான புனித தோமையார். கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலர் அவரே. அரண்மனை கட்ட ஓர் இந்திய மன்னன் கொடுத்த பொன்னை அவர் ஏழைகளுக்கு ஈந்து, அம்மன்னனுக்கு விண்ணில் மாளிகை எழுப்பினார் என்னும் பழைய மரபிலிருந்து அவருக்கு இப்பெருமை வந்தது. வியோலே-லெ-துக் அச்சிலைக்குத் தம் முகச்சாயலையே கொடுத்திருந்தார்.

அத்தூதரின் கல்லறைமேல் மயிலையில் எழுந்து நிற்கும் சாந்தோம் பேராலயமும் கோதிக் பாணியில் அமைந்து, 1896-இல் அர்ச்சிக்கப்பட்டதே. பாரிஸ் பேராலயத்தின் கலைமரபுக்கும் மயிலைக் கல்லறைக்கும் உள்ள உறவை அளந்தறிந்து நமக்கு எடுத்துச் சொல்லும் பிள்ளைகள் நம் பங்குகளிலிருந்து எழவேண்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! ஏழைக்கு ஈதலும் ஆலயத்தைப் பேணலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைத் தோமையார் நமக்குக் கற்பிக்கின்றார். ஏழைகளான நம் முன்னோர் தம் வியர்வையால் எழுப்பிய கோவிலை அறிந்து போற்றுவதும் அந்த ஏழைகளுக்குச் செய்யும் நன்றியே. உங்கள் மகனோ மகளோ அளவுகோலைக் கையில் எடுத்தால், "இதனால் என்ன பயன்?" என்று கேட்குமுன், "நம் கோவிலைப் பற்றி நீ அறிந்ததைச் சொல், கேட்போம்" என்று ஒரு மாலை உடன் அமர்ந்து கேளுங்கள். அதன் பின் முடிவு செய்யுங்கள். புனித தோமையார் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.